பதிவேட்டுக்காரர் இல்லாதபோது சீட்டு எங்கே போகும்?

பன்னிரண்டாம் வகுப்பில் தரவுத்தளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "சார், சர்வர் படுத்துட்டா, அந்த நேரத்துல அனுப்புற தகவல் எல்லாம் எங்க சார் போகும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடநூலை மூடிவிட்டு ஒரு செயல்பாட்டைத் தொடங்கினோம்.

பதிவேட்டுடன் மேசையில் அமர்ந்த மாணவர்தான் தரவுத்தளம். ஒவ்வொரு வகுப்பிலும் சத்துணவு உண்போர் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதித் தூதரிடம் காட்ட வேண்டும். தூதர் அதைப் பதிவேட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

முதல் சுற்றின் நடுவே பதிவேட்டுக்காரரை 3 நிமிடம் வெளியே அனுப்பினேன். அதற்குள் வந்த சீட்டுகளைத் தூதர் மனத்தில் வைத்துக்கொண்டார். அவர் திரும்பியதும் எட்டாம் வகுப்பின் எண்ணிக்கை விடுபட்டது. "அப்ப அவங்களுக்கு இன்னிக்குச் சோறு இல்லையா சார்?" என்றான் ஒருவன். வகுப்பு அமைதியானது.

இரண்டாம் சுற்றில் தூதருக்கு ஒரு நோட்டுக் கொடுத்தேன். சீட்டு வந்ததும் வரிசை எண்ணிட்டு எழுத வேண்டும். பதிவேட்டில் ஏறியதும் எதுவரை ஏறியது என்று குறிக்க வேண்டும். இம்முறை எதுவும் தொலையவில்லை. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி, 2011இல் திறந்த மூல மென்பொருளாக வெளியான காஃப்கா செய்வதும் இதுவே. வரும் தகவலை வட்டில் வரிசையாக எழுதி வைக்கும்; தரவுத்தளம் மீண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மூன்றாம் சுற்றில், பதிவேட்டுக்காரர் எழுதிவிட்டு, "சரி" என்று சொல்லும் முன் வெளியேறினார். ஏறவில்லை என்று எண்ணிய தூதர் அதையே மறுபடி கொடுத்தார். ஆறாம் வகுப்பின் 32 பேர் 64 ஆனார்கள்! தீர்வை மாணவர்களே சொன்னார்கள்: "நோட்டுல இருக்கிற எண்ணைப் பதிவேட்டுலயும் எழுதுவோம் சார். அதே எண் மறுபடி வந்தா விட்டுடலாம்." அதுதான் முதன்மைத் திறவுகோல். அதே எண்ணுடன் இரண்டாவது பதிவு வந்தால் மைஎஸ்க்யூஎல் ஏற்காது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன். விழுந்துகிடக்கும் தரவுத்தளத்தின் கதவை ஓயாமல் தட்டினால் அது எழுவதே சிரமம். ஆகவே 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே முயல வேண்டும்.

இத்தனை ஆண்டுகளாக முதன்மைத் திறவுகோலை இரண்டு மதிப்பெண் வினாவாகவே நடத்தி வந்தேன். அது எதற்கு என்று அன்றுதான் என் வகுப்புக்குப் புரிந்தது. ஒரு நோட்டும் சில சீட்டுகளும் போதும். ஒரே பாடவேளையில் முடியும். கணினி ஆய்வகத்தில் மின்சாரம் இல்லாத நாளிலும் நடத்தலாம். நீங்களும் செய்து பாருங்கள்.