டிவியில் படம் வரவில்லையா? புது டிஷ் வாங்கும் முன் ஒரு பத்து நிமிடம்!

2022 ஆகஸ்ட் முதல் வாரம். மேட்டூர் அணையிலிருந்து காவிரியில் விநாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குமாரபாளையத்தில் கரையோரத் தெருக்களுக்குள் வெள்ளம் புகுந்து, அங்கிருந்தவர்களை முகாம்களில் தங்க வைத்திருந்தார்கள். கொஞ்சம் மேடான தெருவில் இருக்கும் என் அமுச்சிக்குப் போன் போட்டேன்.

"டிவில என்ன சொல்றாங்க அமுச்சி?"

"எங்க கண்ணு, டிவி பாத்துப் பத்து நாளாச்சு. படமே வரமாட்டீங்குது. கடைக்காரரு வந்து பாத்தாரு. டிஷ்ஷு, பொட்டி ரெண்டையும் மாத்தோணும், 2,000 ரூபா ஆகும்னாரு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு உட்டுட்டேன்."

அமுச்சியிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப்பும் கிடையாது, யூடியூப்பும் கிடையாது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே வழி அந்த டிவிதான். வெள்ளம் வடிந்தபின் ஊருக்குப் போய் மாடியில் ஏறிப் பார்த்தேன். டிஷ் நன்றாக இருந்தது. பொட்டியும் நன்றாக இருந்தது. வயரின் முனையில் இருந்த கனெக்டர் மட்டும் பச்சை பிடித்துக் கிடந்தது. புது கனெக்டரும் டேப்பும் வாங்க 30 ரூபாய்கூட ஆகவில்லை.

கோளாறு எங்கே என்று தெரியாமல் பொருளை மாற்றினால் பணம் போகும், கோளாறு அப்படியே இருக்கலாம். எங்கே என்று கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேண்டாம். டிவியில் தொடங்கி வானம் வரை ஒவ்வொரு படியாகப் போனால் போதும். வாங்க, பார்ப்போம்.

முதலில்: உங்க வீட்டுக்குப் படம் எந்த வழியாக வருகிறது?

சில வீட்டு மாடிகளில் இன்னும் இரும்புக் கம்பத்தில் மீன்முள் மாதிரி ஆன்டெனா நிற்கிறது. கொங்குப் பகுதியில் ஒரு காலத்தில் அதைத் தெற்கே கொடைக்கானல் பக்கம் திருப்பி, பூஸ்டர் போட்டு தூர்தர்ஷன் பார்த்தார்கள். பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பைப் பிரசார் பாரதி 2022 மார்ச்சுக்குள் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. எனவே அந்த ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் இனி பயனில்லை. மின்கம்பிக்கு அருகில் துருப்பிடித்து நிற்கும் கம்பம் ஆபத்தும்கூட. ஆனால் நீங்களாகச் சாய்த்து இறக்க வேண்டாம். மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, பாதுகாப்புக்கு வழி கேட்டுவிட்டு இறக்குங்கள்.

கேபிள் இணைப்பு என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் கோளாறு தெரு லைனில். ஆபரேட்டரிடம் சொன்னால் போதும், உங்க வீட்டில் எதையும் கழற்ற வேண்டாம்.

டிஷ் என்றால் கட்டணச் சேவையா, டிடி ஃப்ரீ டிஷ்ஷா என்று பாருங்கள். 2004-ல் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது. யாராவது மாதக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீங்க.

படி 1: திரையில் என்ன எழுதியிருக்கிறது?

"நோ சிக்னல்" என்று திரையில் வந்தால் சொல்வது டிவியா, செட்டாப் பாக்ஸா? பாக்ஸின் ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனு வராவிட்டால் டிவிக்கும் பாக்ஸுக்கும் நடுவில்தான் பிரச்சினை. டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி ஏவி, எச்டிஎம்ஐ என மாற்றிப் பாருங்கள். குழந்தைகள் ரிமோட்டை அழுத்தி மாற்றிவிடுவது வீட்டுக்கு வீடு நடப்பதுதான்.

மெனு வந்தால் டிவி நலம், மாடி ஏறுவதற்கு முன் அடுத்த படிக்குப் போகலாம். சந்தா முடிந்தது என்று எழுத்து வந்தால் அது சிக்னல் கோளாறே இல்லை. ஃப்ரீ டிஷ்ஷில் ஒன்றிரண்டு சேனல் மட்டும் காணோம் என்றால் பாக்ஸில் மறுபடி ஸ்கேன் கொடுங்கள். தனியார் சேனல்களுக்கு அங்கே ஏலத்தில் இடம் ஒதுக்குவதால் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். போன சேனலை எந்த மெக்கானிக்காலும் கொண்டுவர முடியாது.

படி 2: இரண்டு கோடுகள்

பாக்ஸ் மெனுவில் சிக்னல் பகுதிக்குப் போனால் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று ஸ்ட்ரெங்த், இன்னொன்று குவாலிட்டி. டாக்டருக்கு நாடி மாதிரி நமக்கு இவை.

இரண்டும் பூஜ்ஜியம் என்றால் பெரும்பாலும் வயர், கனெக்டர் அல்லது டிஷ்ஷின் கையில் இருக்கும் எல்.என்.பி. பழுது.

ஸ்ட்ரெங்த் இருக்கிறது, குவாலிட்டி இல்லை என்றால் பெரும்பாலும் டிஷ் திசை மாறியிருக்கும், அல்லது ஏதோ மறைக்கும்.

குவாலிட்டி ஏறி இறங்கி ஆடினால் டிஷ்ஷின் நட்டு தளர்ந்திருக்கலாம். நம்ம ஊரில் தறிப்பட்டறை மேல் மாடியில் டிஷ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தறி ஓடும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து, தறி நின்றதும் சரியானால் அதிர்வுதான் காரணம். டிஷ்ஷை அதிராத சுவருக்கு மாற்றுங்கள். பட்டறை வீடுகளில் பாக்ஸின் காற்றுத் துளைகளைப் பஞ்சுத் தூசி அடைத்து, சூட்டில் பாக்ஸ் தானே நின்று நின்று ஓடுவதும் உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி விடுங்கள்.

படி 3: வயர்

மாடிக்குப் போகும் முன் பாக்ஸின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வயர் வழியாகப் பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை எல்.என்.பி.க்கு அனுப்புகிறது. பாக்ஸ் ஓடும்போது கனெக்டரைக் கழற்றி நடுக்கம்பி வெளிப்பின்னலில் உரசினால் பாக்ஸ் பழுதாகலாம்.

கனெக்டரைத் திருகிக் கழற்றுங்கள். பச்சை, கறுப்பு, ஈரம் எது தெரிந்தாலும் அந்த முனையை ஒரு சாண் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். மழைநீர் வயர் வழியே உள்ளே இறங்காமல் இருக்க, கனெக்டருக்குக் கீழே வயரை ஒரு வளையமாகத் தொங்க விட்டுக் கட்டுங்கள். நீர் வளையத்தின் அடியில் சொட்டிப் போய்விடும். அமுச்சி வீட்டில் இந்த வளையம் இல்லை. எல்.என்.பி. மூடி உடைந்திருக்கிறதா, குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 4: திசை

ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு மேலே, சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. குமாரபாளையத்திலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில் இருக்கிறது. போனில் திசைகாட்டி ஆப்பைத் திறந்தால் சுமார் 125 டிகிரி. தரையிலிருந்து உயரம் சுமார் 67 டிகிரி. இரும்புக் கம்பத்தின் பக்கத்தில் திசைகாட்டி பொய் சொல்லும், நாலைந்து அடி தள்ளி நின்று பாருங்கள். பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்து அதே மாதிரி திருப்பாதீங்க. டாடா பிளே 83 டிகிரியிலும், ஏர்டெல் 108 டிகிரியிலும் உள்ள வேறு வேறு கோள்களைப் பார்க்கின்றன.

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பிடியுங்கள். அது வானத்தில் மறைக்கும் அகலம் சுமார் 2 டிகிரி. சாதாரண வீட்டு டிஷ் அவ்வளவு விலகினாலே படம் போய்விடலாம். எனவே நட்டைத் தளர்த்தும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்து, பழைய இடத்தை மார்க்கரால் குறியுங்கள். கீழே ஒருவர் வீடியோ காலில் குவாலிட்டிக் கோட்டைக் காட்டட்டும். ஒரு நூல் அளவு அசைத்து, சில விநாடி பொறுத்து, பிறகு அடுத்த அசைவு.

படி 5: மரத்தை வெட்டும் முன்

"எதிர் வீட்டுத் தென்னைதான் மறைக்குது" என்று சண்டை வரும் இடம் இது. நம்ம டிஷ்கள் பார்க்கும்போது தாழ்வாகத் தெரியும், ஆனால் சிக்னல் அதைவிட மேலிருந்து வருகிறது. மேலிருந்து வாங்கி, கீழே நீட்டியிருக்கும் கைக்கு அனுப்பும்படிதான் அதன் வடிவம். ஆகவே டிஷ்ஷின் முகத்துக்கு நேரே தெரியும் மரம் குற்றவாளியாக இருக்காது. ஃப்ரீ டிஷ் கணக்கில், டிஷ்ஷைவிட 10 அடி உயரமான மரம், தென்கிழக்கில் சுமார் 5 அடிக்குள் இருந்தால்தான் மறைக்கும். தென்னையில் மட்டையின் நுனியிலிருந்து அளக்க வேண்டும்.

இதைச் செலவில்லாமல் சோதிக்க சூரியனே உதவுகிறது. மார்ச் நடுவிலும், செப்டம்பர் கடைசி வாரத்திலும், காலை 11 மணி வாக்கில், நம்ம ஊரிலிருந்து பார்த்தால் சூரியன் ஜிசாட்-15 இருக்கும் இடத்தைக் கடந்து போகிறது. அந்த நேரத்தில் டிஷ் மேல் மர நிழல் விழுந்தால் அந்த மரம் மறைக்கிறது. வெயில் விழுந்தால் மரம் நிரபராதி, வேறு காரணம் தேடுங்கள். இதே நாட்களில் 11 மணி வாக்கில் சில நிமிடம் படம் போய்த் தானே திரும்பினால் பயப்பட வேண்டாம், சூரியனின் இரைச்சல் சிக்னலை மூழ்கடிப்பதுதான் காரணம்.

மழையிலும் இப்படித்தான். டிஷ் சிக்னலின் அலைநீளம் சுமார் 2.5 செ.மீ. கனமழைத் துளிகள் அதை விழுங்கிவிடும். மழை விட்டால் படம் வந்துவிடும். மழை விட்டும் வராவிட்டால்தான் படி 3-க்குத் திரும்ப வேண்டும். மழையில், இடி மின்னலில், ஈர ஏணியில் யாரும் மாடி ஏறாதீங்க. ஒரு சீரியலுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

அப்படியும் சரியாகவில்லை என்றால்

கட்டணச் சேவை என்றால் முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள். தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். டிராய் விதிகளை வகுக்கும் அமைப்பு, தனி நபர் புகாரை அது விசாரிக்காது. பணம் வாங்கிக்கொண்டு சேவை தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அரசுத் துறை சார்ந்த குறை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100. மெக்கானிக்கிடம் ரசீதும், மாற்றிய பழைய பொருளும் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்க உரிமை.

இதையெல்லாம் ஆடிக்கு முன்னால், வெயில் நாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முக்கியமாக, பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில். உங்க கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, ஆறு ஏறினால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அவங்களுக்குத் தெரிய அந்த டிவியில் படம் வரவேண்டும்.

இப்போதெல்லாம் மழை விட்டதும் அமுச்சியே போன் போடுகிறார்: "படம் வந்துருச்சு கண்ணு, கோடு ரெண்டும் நல்லா இருக்குது."