பத்திரம் இருக்கிறது, வீடு கட்ட வழியில்லை

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டீ குடிப்பதற்குள், மனை விற்கும் ஆள் யாராவது உங்களிடம் பேச்சுக் கொடுத்துவிடுவார். நீங்களும் என்னைப்போலச் சேலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கைக்கு வந்த பி.எஃப். பணத்தில் மேலே ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவராகத்தான் இருப்பீர்கள். அவர் காட்டும் பத்திரம் பெரும்பாலும் அசல்தான். அதை நம்பித்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள்.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், வழக்கறிஞர் கருத்துரை எல்லாம் எனக்கு விற்றவரின் கோப்பில் வரிசையாக இருந்தன. இவற்றைப் பார்க்க இன்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, பார்த்துவிடுங்கள். கிரையமும் ஒரு தடங்கல் இல்லாமல் பதிவானது. வீட்டுக்கு வரைபடம் போட்டு அனுமதிக்குப் போனபோதுதான் கதவு அடைத்தது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் இருந்தது காப்பித் தோட்டப் புஞ்சை, இத்தனை சென்ட், அதிலுள்ள காப்பிச் செடிகள், மிளகுக் கொடிகள், சில்வர் ஓக் மரங்கள் உட்பட. காப்பிச் செடிகளுக்கு நடுவே சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல் நட்டு, நம்பர் எழுதி, வீட்டுமனை என்று என்னிடம் விற்றிருந்தார்கள்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் அதற்குத்தான் இருக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்க முடியாதவர்கள் அதன்பிறகு தோட்டமாகவே துண்டு போட்டு விற்கிறார்கள். தோட்டத்தை விற்பதில் சட்டத்துக்கு என்ன ஆட்சேபம்? பதிவாகிவிடும். “அப்புறம் வரன்முறைப்படுத்திக்கலாம் சார்” என்பார்கள். அந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்கானது. அதற்குப் பிறகு நட்ட கல்லுக்கு அதில் இடமில்லை.

எனக்குப் பெரிய நஷ்டம் வந்தது சொந்தக்காரர்களின் யோசனையால். பெங்களூரில் இருக்கும் மைத்துனர், “பதிவாகுதுன்னா எல்லாம் சரின்னு அர்த்தம், தைரியமா வாங்குங்க மாமா” என்றார். கர்நாடகத்தில் 2020 வரை விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கவே முடியாது. ஆகவே அங்கே பழகியவருக்குப் பதிவுதான் பெரிய கண்டம். இமாசலப் பிரதேசத்தில் இன்றைக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, விவசாயி அல்லாதவரை அரசு அனுமதியின்றி நிலம் வாங்க விடுவதில்லை. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு. தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். இங்கே கெடுபிடி எல்லாம் வாங்கியதை என்ன செய்யப்போகிறோம் என்பதில். ஆத்தூரில் வீடு கட்டிய சம்பந்தியோ, ஊராட்சியில் கையெழுத்து வாங்கினால் போதும் என்றார். அது சமவெளிப் பேச்சு. இந்த இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல் விட்டிருந்தால் பணம் வங்கியில் இருந்திருக்கும்.

மலையில் கேட்க வேண்டியது மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல். ஹாக்கா என்றால் ஏற்காட்டில் எல்லோருக்கும் புரியும். 1990-இல் அரசாணை போட்டு அமைத்தார்கள். வருவாய்க் கிராமங்களின் பெயரைச் சொல்லிப் பட்டியல் இருக்கிறது. உங்கள் சர்வே எண் எந்த வருவாய்க் கிராமத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை எல்லாம் ஆட்சேபம் இல்லை என்று சொன்ன பிறகுதான் காரியம் நகரும். என் சரிவைப் பார்த்தவர்கள் தலையாட்டவில்லை.

அவர்கள்மீது எனக்குக் கோபம் கிடையாது. என் இடத்துக்கு மேலே ஒருவர் யாரையும் கேட்காமல் பொக்லைன் வைத்து மண்ணை வெட்டித் தளம் எடுத்தார். ஐப்பசி மழையில் அவர் கட்டிய கருங்கல் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. தண்ணீர் வடிய ஒரு குழாய்கூட வைக்காத சுவர். இடுக்குகளில் செம்மண் குழம்பாகக் கசிந்து என் காப்பிச் செடிகளின் அடியை மூடியது. இந்தச் சட்டம் எதற்கு இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் கோபமெல்லாம் இது தெரிந்திருந்தும் வாயைத் திறக்காமல், அப்ரூவல் செலவு என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டவர் மேல்தான்.

மரத்தையும் நினைத்தபடி வெட்ட முடியாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்து இருக்கிறது, அதற்கான குழுவின் அனுமதி வேண்டும். பெரிய எஸ்டேட்டிலிருந்து பிரித்த துண்டு என்றால் இன்னொன்றும் கேளுங்கள். 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் காப்பித் தோட்டங்களுக்கு விலக்கு கொடுத்தது, அவை தோட்டமாக இருப்பதால். அந்த விலக்கில் தப்பிய நிலத்தைக் கூறுபோட்டு மனையாக்கினால், உச்சவரம்புக் கணக்கில் அது என்ன ஆகும் என்பதை விற்பவர் எழுத்தில் காட்டட்டும்.

நான் வீடு கட்டும் எண்ணத்தை விட்டுவிட்டேன். பாதி விலைக்குக் கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. என்னிடம் சொன்ன பொய்யை நான் இன்னொருவரிடம் சொல்லித்தானே அதை விற்க முடியும்? காப்பியும் மிளகும் இருக்கின்றன, பறித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

கடைசியாக ஒன்று. இவையெல்லாம் வேண்டாம் என்றால், மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அரசு ஒப்படை செய்த நிலத்தை மலிவு விலையில் காட்டுவார்கள். ஆந்திராவில் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில் பழங்குடியினர் நிலம் வெளியாருக்குக் கைமாறாமல் தடுக்க 1970-இல் திருத்திய ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியே கிடையாது. இங்கே அவர்களுக்குள்ள முக்கியக் காப்பு ஒப்படை ஆணையில் எழுதிய நிபந்தனைகள்தான். நிபந்தனைப் பட்டாவை யார் காட்டினாலும், என்ன விலை சொன்னாலும் வாங்காதீர்கள். சேர்வராயன் மலையில் அவர்களுக்கு மிஞ்சியிருப்பது அந்த நிலம்தான்.