பாரமும் பெற்றோலும்: பிற்செலவுக் கோடு பற்றிய ஒரு பாடம்

ஒரு மோட்டார்க் காரின் பாரம் தெரிந்தால், அஃது ஒரு கலன் பெற்றோலில் எத்தனை மைல் ஓடும் என்பதை ஓட்டிப் பாராமலே கூறலாமா? தமிழ் கற்பிக்கும் எமக்கு இவ்வினாவில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். 2022 ஆம் ஆண்டிலே எரிபொருள் வரிசையில் நாட்கணக்காய் நின்றவர் எவரும் நகையார்.

அவ்வாண்டில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தான் எழுதிய கட்டுரையை மொழித் திருத்தத்துக்காக எம்மிடம் தந்தான். “தன்னியக்கக் கியரால் ஒரு கலனுக்கு ஏழு மைல் நட்டமாகின்றது” என்பது அதன் முடிவு. சந்திப் பிழை இரண்டைத் திருத்தி, “நன்று” என எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தோம். கணித ஆசிரியராகிய எம் நண்பர் அதனைப் படித்துவிட்டு, “தமிழ் சரி, முடிவு பிழை” என்றார். எமக்கு முகம் சிறுத்தது. அவரிடம் இரண்டு மாலைகள் அமர்ந்து கற்றதையே ஈண்டுக் கூறுகின்றோம்.

மாணவன் எடுத்தாண்ட அட்டவணை புள்ளிவிவரம் பயில்வோர் உலகெங்கும் அறிந்தது. 1974 இல் ‘மோட்டர் ட்ரென்ட்’ என்னும் அமெரிக்கச் சஞ்சிகையில் வந்த விவரங்களைக் கொண்டது. 1973–74 ஆண்டுகளின் கார்கள் 32 அதிலுள. ஹெண்டர்சன், வெல்மன் என்னும் இருவர் 1981 இல் தம் ஆய்வுக் கட்டுரையில் அதனைப் பயன்படுத்தினர். அங்குக் கூறப்படும் கலன் அமெரிக்கக் கலன், 3.785 லீற்றர் கொள்வது. எம் முதியோர் பழகிய 4.546 லீற்றர்க் கலனன்று. இதனை மறந்து ஒப்பிடுவோர் வீணே மயங்குவர்.

முறையின் பெயரை முதலில் நோக்குவோம். 1886 இல் பிரான்சிஸ் கால்ற்றன் என்னும் ஆங்கில அறிஞர் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை ஆராய்ந்தார். மிக நெடிய பெற்றோரின் பிள்ளைகள் நெடியரே. ஆயினும் பெற்றோரளவு நெடியரல்லர். சராசரியை நோக்கிச் சற்றே திரும்பிவிடுகின்றனர். இத்திரும்புதலுக்கு அவர் இட்ட பெயரே, இன்று உயரத்தோடு தொடர்பில்லாத கணக்குகளுக்கும் நிலைத்துவிட்டது. எம்நாட்டு வகுப்புகளில் இதனைப் ‘பிற்செலவு’ என்பர். மாணவர் பணச் செலவென்று எண்ணிச் சிரிப்பதுண்டு. செலவு என்பது பண்டைத் தமிழில் செல்லுதல். பொருள்தேடப் புறப்பட்ட தலைவன் போகாது தங்குதலைச் ‘செலவழுங்கல்’ என அகத்துறை கூறுவதை அவர்க்கு நினைவூட்டினாற் போதும். பெற்றோற் கணக்கில் இரு பொருளும் பொருந்துவது தற்செயலே.

இனி முறை. வரைபுத் தாளிலே பாரத்தைக் கிடையாகவும் மைலை நிலைக்குத்தாகவும் கொண்டு 32 புள்ளிகளை இடுக. புள்ளிகள் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும். அவற்றினூடே ஒரு நேர்கோடு வரைதல் வேண்டும். எந்தக் கோடு? ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து நிலைக்குத்தாக எவ்வளவு விலகுகின்றதென அளந்து, அவ்விலகல்களை வர்க்கித்துக் கூட்டுக. அக்கூட்டுத்தொகை எந்தக் கோட்டுக்கு மிகச் சிறிதாகின்றதோ அதுவே வேண்டிய கோடு. வர்க்கிப்பதால் மேல் விலகலும் கீழ் விலகலும் ஒன்றையொன்று அழித்துவிடா. பெரிய பிழைக்குப் பெரிய தண்டமும் கிடைக்கும். இழிவு வர்க்க முறை எனப்படும் இதனை 1805 இல் வெளியிட்டவர் பிரெஞ்சு அறிஞர் லெஜாந்தர்.

அம்முறைப்படி கிடைப்பது: மைல் = 37.29 − 5.34 × பாரம். பாரத்தை ஆயிரம் இறாத்தல் கணக்கிற் கொள்க. ஆயிரம் இறாத்தல் கூடுந்தோறும் ஐந்து மைலுக்குச் சற்று மேலே குறைகின்றது என்பது பொருள். மைல் வேறுபாட்டில் நூற்றுக்கு 75 பங்கை, வர்க்கக் கணக்கில், பாரமொன்றே விளக்கிவிடுகின்றது.

ஆயினும் கோடு கூறுவதை அப்படியே நம்பலாகாது. டொயோட்டா கொறோலாவின் பாரம் 1,835 இறாத்தல். கோடு கூறுவது 27.5 மைல், கார் ஓடியதோ 33.9. கிறைஸ்லர் இம்பீரியல் 5,345 இறாத்தல். கோடு கூறுவது 8.7, ஓடியது 14.7. இவ்வாறு எஞ்சி நிற்பதனை ‘மீதி’ என்பர். ‘எச்சம்’ எனல் எமக்கு உவப்பு, முடிக்குஞ் சொல்லை அது வேண்டி நிற்றலின். மெலிந்த காரும் பருத்த காரும் ஒருங்கே கோட்டுக்கு மேல் நிற்பது, உண்மைத் தொடர்பு நேர்கோடன்று, வளைந்ததென்பதைக் காட்டுகின்றது. ஏழாயிரம் இறாத்தற் காரை இக்கோட்டில் இட்டுப் பார்த்தால் விடை பூச்சியத்திலும் குறையும்! அத்தகைய கார் உலகில் இல்லை. ஆகவே, கலனுக்கு எத்தனை மைல் என்று கேளாது, மைலுக்கு எத்தனை கலன் என்று கேட்பது நலம். பாரம் கூடக் கூடப் பெற்றோல் கூடுதல் இயல்பாதலின் அங்கு நேர்கோடு செவ்வனே பொருந்தும். மேற்கூறிய இருவரும் அவ்வழியையே மேற்கொண்டனர்.

இனி மாணவனின் ஏழு மைல். தன்னியக்கக் கியர்க் கார்கள் 19. அவற்றின் சராசரி 17.15 மைல். கையாற் கியர் மாற்றுங் கார்கள் 13, சராசரி 24.39. வேறுபாடு 7.24. அவன் கழித்தலில் பிழையில்லை. ஆனால் முன்னவற்றின் சராசரிப் பாரம் 3,769 இறாத்தல், பின்னவற்றினது 2,411. இடைவெளி 1,358 இறாத்தல். இதனை எம் கோட்டின்படி 5.34 ஆற் பெருக்கிப் பாருங்கள்: 7.25! ஏழு மைலையும் பாரமே விழுங்கிவிட்டது. பாரத்தையும் கியரையும் ஒருங்கே வைத்துக் கணித்தால் கியரின் பங்கு ஒரு மைலில் ஐம்பதில் ஒன்றளவே. அதுவும் தன்னியக்கத்துக்குச் சாதகமாய்! அக்காலத்தில் பெருங் கார்களுக்கே தன்னியக்கக் கியர் பெரிதும் பூட்டப்பட்டது. குற்றம் கியர்மேற் சுமத்தப்பட்டது.

இங்கேதான் எமக்கு வெட்கம். மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஆல்’ உண்டு, ‘ஒடு’வும் உண்டு, முன்னது கருவி கருத்தாப் பொருளது, பின்னது உடனிகழ்ச்சிப் பொருளது. ஆண்டுதோறும் இதனைக் கரும்பலகையில் எழுதுபவர் நாம். கியரோடு நிகழ்ந்ததைக் கியரால் நிகழ்ந்ததாக மாணவன் எழுதியபோது, ‘நன்று’ என ஒப்பமிட்டவரும் நாமே. கணித நண்பர் கண்ட பிழையைத் தமிழாசிரியர் முன்னரே கண்டிருத்தல் வேண்டும்.

அவனை அழைத்து இவற்றைக் கூறினோம். மனம் நோவான் என அஞ்சினோம். அவனோ மறுநாள் வேறொரு கணக்கோடு வந்தான். பாரத்தோடு, கால் மைல் தூரத்தைக் கார் கடக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணித்தானாம். கையாற் கியர் மாற்றுங் காருக்கு ஏறக்குறைய மூன்று மைல் சாதகம் மீண்டும் தோன்றியது. “அப்படியானால் எது மெய், ஐயா?” என்றான். 32 கார்களை வைத்துக்கொண்டு அதனைத் துணிதல் அரிது, அருகில் எதனை வைக்கின்றோமோ அதற்கேற்ப எண் மாறும் என்று கணித நண்பர் விடையிறுத்தார். மாணவன் தன் கட்டுரையில் ‘கியரால்’ என்பதை அடித்துக் ‘கியரோடு’ என எழுதினான். அதன் கீழே, எந்தெந்த மாறிகளைச் சேர்த்துக் கணித்தான் என்பதையும் ஒரு வரியிற் குறித்தான். அதன்பின்னர் நாம் மறுபடியும் ஒப்பமிட்டோம்.