கல்வியை ஆராய கூகுள் போதுமா?

முதல் தலைமுறைப் பட்டதாரிகள், பள்ளி இடைநிற்றல், பெண்கல்வி, பயிற்றுமொழி, தனியார் பள்ளி மோகம். பி.எட்., சமூகவியல், சமூகப்பணி மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு எடுக்கும் தலைப்புகள் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றுகின்றன. நல்ல தலைப்புகள். பலருக்கு அது தங்கள் வீட்டுக் கதையும்கூட. ஆனால் எழுதி வரும் பக்கங்களில் ஒரே எண்ணும் ஒரே வாக்கியமும் பத்துப் பேரிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த எண்ணை யார் எடுத்தார்கள், எந்த ஆண்டு, எதை எதால் வகுத்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. அதே வளாகத்திலுள்ள நூலகத்தில் பதில் இருக்கிறது. மாணவர்களை அங்கே போகவிடாமல் தடுப்பவை சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை: எல்லாம் இணையத்திலேயே கிடைக்கிறது

கிடைப்பது பெரும்பாலும் எண் மட்டும்தான். உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். மத்திய கல்வி அமைச்சகத்தின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு, 2019-20 அறிக்கையில் அதை 51.4 என்றது. அடுத்த ஆண்டு அறிக்கையில் அது 46.9. இரண்டையும் செல்பேசியில் பார்த்து அருகருகே வைக்கும் மாணவர், கொரோனாவால் தமிழ்நாட்டில் உயர்கல்வி சரிந்தது என்று எழுதிவிடுவார். கேட்பவருக்கும் நியாயமாகவே படும்.

அறிக்கையின் விளக்கப் பகுதியைப் படித்தவருக்குத்தான் நடந்தது புரியும். 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையால் வகுத்துத்தான் இந்த விகிதம் வருகிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டியிருந்த அந்த மதிப்பீடு, 2020-21 அறிக்கையில் 2011 கணக்கெடுப்பை ஒட்டியதாக மாறியது. புது மதிப்பீட்டின்படி திருத்தியபோது, 2019-20க்கான அகில இந்திய விகிதமே 27.1 என்பதிலிருந்து 25.6 ஆகிவிட்டது. அதனுடன் ஒப்பிட்டால் 2020-21க்கான 27.3 உயர்வுதான், சரிவே அல்ல. வகுக்கும் எண் மாறியதைக் கவனிக்காதவரின் ப்ராஜெக்ட் முழுக்கத் தவறான முடிவில் போய் நிற்கும்.

2021-22இல் தமிழ்நாட்டின் விகிதம் 47. மாநிலத்தின் இளைஞர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கல்லூரியில் இருக்கிறார்கள் என்று இதை வைத்துப் பேசுகிறார்கள். இந்தக் கணக்கில் எந்த வயதில் சேர்ந்தவரும் உண்டு. தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களும், வெளிமாநிலத்திலிருந்து வந்து இங்கே படிப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டின் சாதனை பெரியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே ஆண்டில் அகில இந்திய விகிதம் 28.4தான். ஆனால் அந்தச் சாதனையைத் துல்லியமாகச் சொன்னால்தான், இன்னும் வெளியே நிற்பவர்கள் யார் என்று அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்.

இந்த அறிக்கைகள் இணையத்திலும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் தேடினால் முதலில் வந்து நிற்பது அறிக்கையைச் சுருக்கிய செய்தி; அந்தச் செய்தியைச் சுருக்கிய இன்னொரு பக்கம் அதற்கு அடுத்து வரும். மூல அறிக்கைகளை ஆண்டு வரிசையில் எடுத்துவைத்து ஒப்பிடும் பழக்கத்தை நூலகம்தான் கற்றுத் தருகிறது.

நம்பிக்கை: ஆய்விதழ்கள் பெரிய நிறுவனங்களுக்குத்தான்

கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, மீதியைப் படிக்க டாலரில் பணம் கேட்கும் பக்கத்தைப் பார்த்ததும் பலர் திரும்பிவிடுகிறார்கள். காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் கல்லூரிகளுக்கென்றே நடத்துவது என்-லிஸ்ட் திட்டம். கல்லூரி உறுப்பினராக இருந்தால், நூலகரிடம் சொல்லி உங்கள் பெயரில் கணக்கு தொடங்கிக்கொள்ளலாம். விடுதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் அதில் நுழைந்து மின்னூல்களையும் ஆய்விதழ்களையும் படிக்கலாம். மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்காக ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மக்கள் வரிப்பணத்தில் வாங்கியதைப் படிக்காமல் விடுவது பெரிய இழப்பு. அரசுக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரி இதில் இணைந்துவிட்டதா என்று இன்றே கேட்க வேண்டும்.

நம்பிக்கை: ரெஃபரன்ஸ் பகுதியில் இருப்பது பழைய புள்ளிவிவரம்

வீட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள், தடியாக இருக்கும், தூசியும் இருக்கும். அதனால் அந்த அலமாரிப் பக்கமே யாரும் போவதில்லை. கல்வியையும் சமூகத்தையும் ஆராய்பவருக்கு நூலகத்திலேயே மதிப்புமிக்க இடம் அதுதான் என்பேன்.

மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேட்டை ஒருமுறை விரித்துப் பாருங்கள். 2011 கையேட்டில் மாவட்டத்தின் ஒவ்வொரு வருவாய்க் கிராமமும் பெயரோடு இருக்கும். அதற்கு நேரே எத்தனை தொடக்கப் பள்ளி, எத்தனை நடுநிலைப் பள்ளி, எத்தனை உயர்நிலைப் பள்ளி என்று வரிசையாகக் கட்டங்கள். பள்ளி இல்லாத கட்டத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து நிற்கும். ‘ஏ’ என்றால் அருகிலுள்ள பள்ளி 5 கிலோமீட்டருக்குள், ‘பி’ என்றால் 5 முதல் 10 கிலோமீட்டர், ‘சி’ என்றால் 10 கிலோமீட்டருக்கு மேல். உயர்நிலைப் பள்ளிக் கட்டத்தில் ‘பி’ நிற்கும் கிராமங்களைக் குறித்துக்கொண்டு, அதே கையேட்டில் அந்தக் கிராமங்களின் பெண் எழுத்தறிவு எண்ணிக்கையைப் பாருங்கள். எட்டாம் வகுப்போடு மகள்களை ஏன் நிறுத்தினார்கள் என்று எந்த ஊரில் போய்க் கேட்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பழையது என்பது உண்மைதான். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், தமிழ்நாட்டின் எழுத்தறிவு என்று இன்று சொல்லப்படும் 80 சதவீதமும் 2011இன் எண்தான். ஏழு வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமான எண். ப்ராஜெக்டில் ஆண்டைக் குறிப்பிட்டு எழுதினால் பழைய எண்ணால் கெடுதல் இல்லை.

நம்பிக்கை: கல்வி பற்றிய நூல்கள் கல்விப் பகுதியில்தான் இருக்கும்

டியூயி பகுப்பு முறையில் கல்விக்கு எண் 370. அங்கே மட்டும் நின்றால் பாதி நூல்களைத் தவறவிடுவீர்கள். கல்வியின் சமூகவியல் 306.43இல் இருக்கும். சாதி, வர்க்கம் பற்றியவை 305இல். குழந்தைத் தொழிலாளர் பற்றியவை 331இல். தமிழ்நாட்டு வரலாறு 954.82இல். ஒரே தலைப்புக்கு நாலைந்து அலமாரிகளுக்கு நடக்க வேண்டியிருக்கும். நடந்தால், தேடாத நூலொன்றும் பக்கத்திலிருந்து கையில் அகப்படும்.

நம்பிக்கை: தமிழில் ஆய்வுக்குரிய ஆதாரம் குறைவு

இதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. ‘குடிஅரசு’ போன்ற பழைய இதழ்கள், சட்டமன்ற விவாதங்கள், பிற்படுத்தப்பட்டோர் நிலையை ஆராய 1969இல் அமைக்கப்பட்ட சட்டநாதன் ஆணையத்தின் அறிக்கை என்று இங்கே கல்வி பற்றி நடந்த விவாதத்துக்கு அளவே இல்லை. எந்தச் சொல்லால் தேடுவது என்பதில்தான் தடுக்குகிறது. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ‘குலக்கல்வி’ என்று தேடினால் எதிர்த்தவர்கள் எழுதியது வரும். ‘மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்’ என்று தேடினால் அரசுத் தரப்பு வரும். 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது ஏன் என்று எழுத இரண்டையும் படித்தாக வேண்டும். அந்தத் திட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கு அநீதி இழைத்தது என்பதே என் முடிவும். அரசின் ஆவணங்களையே காட்டி அதை நிறுவும்போது யாராலும் மறுக்க முடியாது.

கல்லூரியில் இல்லாதவற்றுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன.

நம்பிக்கை: ஷோத்கங்காவில் ஓர் ஆய்வேடு கிடைத்தால் வேலை முடிந்தது

அங்கேதான் வேலை தொடங்குகிறது. நாட்டின் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கத் தரும் களஞ்சியம் அது. ஆய்வேட்டின் கடைசியிலுள்ள நூற்பட்டியலை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போங்கள். பத்திகளை எடுத்து ஒட்டாதீர்கள்.

நம்பிக்கை: நூலகர் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர்

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. அந்தப் பயிற்சி பெற்றவர்தான் உங்கள் கல்லூரியிலும் உட்கார்ந்திருக்கிறார். வேண்டிய நூல் இல்லையென்றால், டெல்நெட் போன்ற நூலக வலையமைப்பில் கல்லூரி சேர்ந்திருக்கும் பட்சத்தில், வேறு ஊரிலிருந்துகூட அவரால் வரவழைக்க முடியும். “மேடம், எஜுகேஷன் புக் இருக்கா?” என்று கேட்டால் அவரும் 370ஐக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ‘மலைக்கிராமங்களில் எட்டாம் வகுப்புக்குப் பிறகு பெண்கள் படிப்பை நிறுத்துவது பற்றி எழுதுகிறேன், எங்கிருந்து தொடங்கலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

கல்லூரி நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். வகுப்பு முடியும் மணியோடு நூலகத்தையும் பூட்டிவிட்டால், பகல் முழுக்க வகுப்பில் இருக்கும் மாணவர் எப்போது வந்து படிப்பார்? மாலையில் இரண்டு மணி நேரமாவது திறந்து வையுங்கள். காலியாகக் கிடக்கும் நூலகர் பணியிடங்களை நிரப்புங்கள்.