நகரங்களைப் பெருக்குமுன் கருவூலத்தைக் கணக்கிடுவோம்

வரவு செலவுத் திட்டமிடலைப் பாடநூல்களில் மட்டுமன்றி, நம் பிள்ளைகள் ஆடும் சில கணினி விளையாட்டுகளிலும் கற்கலாம். அவற்றுள் குறிப்பிடத்தக்கது, 1991-இல் முதன்முதலாக வெளிவந்த 'சிட் மேயர்ஸ் சிவிலைசேஷன்'. சதுரங்கத்தைப் போல முறை வைத்து ஆடப்படும் இவ்விளையாட்டு, கி.மு. 4000-இல் தொடங்குகிறது. 2005-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுப்பவர், அசோகராகவோ காந்தியடிகளாகவோ ஆடலாம். அப்பதிப்பின் பொருளாதார விதிகளை இங்கு ஆராய்வோம்.

இருவகைச் செலவுகள்

புதிய நகரை நிறுவக் குடியேறிகள் தேவை. அவர்களை உருவாக்கும் காலம் முழுவதும் தாய் நகரின் மக்கள்தொகை வளராது. இது முதலீட்டுச் செலவு.

நகரம் நிறுவப்பட்டபின் ஒவ்வொரு முறையும் பராமரிப்புச் செலவு எழுகிறது. தலைநகரிலிருந்து தொலைவு கூடக் கூட அது மிகும். நகரங்களின் எண்ணிக்கை பெருகினால், பழைய நகரங்களின் பராமரிப்பும் உயரும். இது தொடர் செலவு. புதியவர் பெரும்பாலும் மறந்துவிடுவது இதனையே.

வருவாய் வளரும் வேகம்

வருவாய்க்கு அடிப்படை, தொழிலாளர் அமைக்கும் குடிசை. தொடக்கத்தில் அது தரும் கூடுதல் வணிக வருவாய் 1 மட்டுமே. நகர மக்களுள் ஒருவர் அக்கட்டத்தில் தொடர்ந்து உழைத்தால், இயல்பான வேக ஆட்டத்தில் 10 முறைகளில் அது குக்கிராமமாகி 2 தரும். மேலும் 20 முறைகளில் கிராமமாகி 3 தரும். அதன்பின் 40 முறைகளில் பேரூராகி 4 தரும். ஆக, முழுப் பயன் பெற 70 முறைகள் காத்திருக்க வேண்டும்.

ஒரு பயிற்சிக் கணக்கு

கருவூலத்தில் 60 பொன் உள்ளது. முறைக்கு 4 பொன் மிகுதியாகிறது எனக் கொள்வோம். புதிய நகர் ஒவ்வொன்றாலும் நிகர வருவாய் 3 பொன் குறைவதாகவும், பிற ஒதுக்கீடுகள் மாறாதிருப்பதாகவும் கருதுவோம்.

ஒரு நகரம் சேர்த்தால், முறைக்கு 1 பொன் மிகுதி.
இரண்டு சேர்த்தால், 2 பொன் பற்றாக்குறை. கையிருப்பு 30 முறைகளுக்குப் போதும்.
மூன்று சேர்த்தால், 5 பொன் பற்றாக்குறை. கையிருப்பு 12 முறைகளில் தீரும்.

இரண்டு நகரங்களோடு நின்றவருக்குக் குடிசை கிராமமாகும் வரை அவகாசம் உண்டு. மூன்றாவதற்கும் விரைந்தவருக்கோ, அது குக்கிராமமான சிறிது காலத்திலேயே கருவூலம் வறண்டுவிடும். அப்போது ஆராய்ச்சிக்கான ஒதுக்கீட்டைக் குறைக்க நேரும். ஆராய்ச்சியை முற்றிலும் நிறுத்தியும் பற்றாக்குறை நீங்காவிடில், படைகள் கலையத் தொடங்கும். நிலம் மிகுதியாக இருந்தும் அதனைக் காக்க ஆளில்லாத நிலை அது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. குடியேறிகளை அனுப்புமுன் நிலத்தைப் பண்படுத்தத் தொழிலாளரை உருவாக்குக.
2. தலைநகருக்கு அருகிலுள்ள வளமான இடங்களை முதலில் தேர்க.
3. தொலைவான நகரங்களில் நீதிமன்றம் எழுப்புக. அது அந்நகரின் பராமரிப்புச் செலவைப் பாதியாகக் குறைக்கும்.
4. முந்தைய நகரம் தன் செலவைத் தானே ஈட்டத் தொடங்கியபின் அடுத்ததை நிறுவுக.

ஆயினும், அஞ்சி ஒரே நகருடன் இருந்துவிடுவதும் தீர்வாகாது. நல்ல நிலங்களை அண்டை நாட்டினர் கைப்பற்றிவிடுவர். விரிவாக்கம் இன்றியமையாதது, அதன் வேகத்தைக் கையிருப்பே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது கடையைத் திறக்க எண்ணும் வணிகருக்கும் இக்கணக்குப் பொருந்தும். முன்பணமும் அலங்காரச் செலவும் ஒருமுறை முடிந்துவிடுபவை. வாடகை, ஊதியம், கடன் தவணை ஆகியன மாதந்தோறும் வருபவை. ஆதலால் கடன் விண்ணப்பத்தை நிரப்புமுன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிப் பார்ப்போம்: இன்றைய கையிருப்பு, புதிய கடையால் நேரும் மாதப் பற்றாக்குறை, அக்கடை தன் செலவைத் தானே ஈட்ட ஆகும் மாதங்கள். பின்னிரண்டையும் பெருக்கி வரும் தொகையைவிடக் கையிருப்பு மிகுந்திருந்தால் துணிந்து இறங்கலாம். குறைந்திருந்தால் சில மாதங்கள் பொறுத்திருப்பதே பழைய கடைக்கும் பாதுகாப்பு.