சித்தப்பா சொல்லும் மூன்று நாள்

கேள்வி: என் தாத்தா அல்சூரில் மெட்ராஸ் சேப்பர்ஸில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு அரசு நிலம் கொடுத்ததால் நிக்கோபார் தீவுகளில் உள்ள கேம்ப்பெல் பேயில் குடியேறினார். சித்தப்பா குடும்பம் இன்றும் அங்கேதான். ஜனவரியில் கல்யாணம். பெங்களூரிலிருந்து போர்ட் பிளேருக்கே இரண்டரை மணி நேரம்தான். அங்கிருந்து கேம்ப்பெல் பே போக மட்டும் "மூணு நாள் கையில வச்சுக்கோம்மா" என்கிறாரே, ஏன்?
— வாசகி, ஜோகுபாளையம், பெங்களூரு

பதில்: அவர் பேச்சைக் கேளுங்கள். 1969 தொடங்கி முன்னாள் ராணுவத்தினர் குடியேறிய ஊர் அது. கடலையும் வானத்தையும் பார்த்துப் பழகியவர்களுக்குக் கணக்கு தெரியும்.

நேர்கோட்டில் அளந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 530 கிலோமீட்டர். பெங்களூரு-ஹைதராபாத் வான்வழித் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஜெட் விமானம் இருந்தால் ஒரு மணி நேரச் சமாச்சாரம். கேம்ப்பெல் பேயில் ஓடுபாதையும் உண்டு. ஆனால் அது 2012-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். பாஸ் என்ற கடற்படைத் தளத்துடையது. நமக்கெல்லாம் ஹெலிகாப்டர்தான்.

அது மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் போகும். அப்படிப் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் நேராகப் போனால்தானே! கார் நிக்கோபார், கமோர்ட்டா என்று இறங்கி ஏறிப் போகும். போகிற இடத்தில் மேகம் மூடி இறங்க முடியாமல் போனால், வேறு தளத்துக்குத் திரும்பவும் டேங்கில் மிச்சம் இருக்க வேண்டும். எரிபொருளைக் கூட்டினால் ஆளைக் குறைக்க வேண்டும். அதனால்தான் பையோடு சேர்த்து உங்களையும் எடை போடுவது வழக்கம். சீர்வரிசைப் பாத்திரங்களை முன்கூட்டியே கப்பலில் அனுப்பிவிடுங்கள்.

இருக்கைகளும் கொஞ்சம். அவசர நோயாளி வந்துவிட்டால் உங்கள் இடம் அவருக்கு. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. கடிகாரம் நம்முடையதுதான் என்றாலும் ஜனவரியில் மாலை ஐந்தரைக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஆகவே காலையில் தாமதமானால் மதியம் சரிக்கட்டலாம் என்ற நம்பிக்கை வேண்டாம்.

பசிபிக்கிலும் இதே கதைதான். ஹொனலுலுவிலிருந்து குவாமுக்குச் சுமார் 6,100 கிலோமீட்டர், நேர் விமானத்தில் எட்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மஜுரோ, குவாஜலின், போன்பே என்று தீவு தீவாக நின்று போகும் விமானத்துக்கோ பதினான்கு மணி நேரத்துக்கும் மேல். சமோவா இன்னும் வேடிக்கை. அங்கிருந்து அமெரிக்க சமோவா ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே தேதிக்கோடு. திங்கட்கிழமை காலை ஏறினால் ஞாயிறு காலை இறங்கலாம். 2011 டிசம்பர் 30-ஐ நாட்காட்டியிலிருந்தே தூக்கிவிட்டு சமோவா கோட்டின் இந்தப் பக்கம் வந்ததால் வந்த வினை.

உங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. போகும்போது ஹெலிகாப்டருக்கு முயலுங்கள். கிடைக்காவிட்டால் கப்பல், வழியில் நிற்பதைப் பொறுத்து இரண்டு மூன்று நாள். திரும்பும்போது, கேம்ப்பெல் பேயிலிருந்து கிளம்பும் அதே நாளில் பெங்களூரு விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள்.