வெயில் ஏறும் முன்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் இளைஞர் குழுக்களுக்கு ஒரு வேகம் வந்துவிடும். முகாம், தெலெமேட்ச், மலையேற்றம், அருவிக் குளியல் என்று வாட்சாப் முழுக்க போஸ்டர் பறக்கும். சிலிபினில் எங்கள் குழுவும் அப்படித்தான். ஆனால் போன வருடம் நாங்கள் நடத்திய ஒரு நிகழ்ச்சி, எனக்கு யுனிவர்சிட்டியில் கிடைக்காத ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன?

தாமானில் உள்ள எல்லாக் குடும்பமும் வரவேண்டும் என்று ஒரு ‘சுகாதார நாள்’ ஏற்பாடு செய்தோம். திடலில் விளையாட்டு, கயிறு இழுத்தல், பெரியவர்களுக்கு நடைப்போட்டி. காலை எட்டு மணிக்கு ஆரம்பம் என்று போட்டோம். கூடாரம் வந்து, மைக் வந்து, எல்லாம் தயாராகும்போது மணி பத்தரை ஆகிவிட்டது.

நடைப்போட்டியில் எங்கள் வரிசை வீட்டு ஆண்ட்டி ஒருவர் பாதியில் நின்றார். முகமெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, கேட்டதற்குச் சரியாகப் பதில் வரவில்லை. வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து நிழலில் உட்கார வைத்து தண்ணீர் கொடுத்தோம். விசிறினோம். அப்படியும் தெளியவில்லை. கூட்டத்தில் இருந்த ஓர் அக்கா, நர்ஸாக வேலை செய்பவர், ஓடிவந்து முதலில் கேட்ட கேள்வி: “ஆண்ட்டி சாப்பிட்டாங்களா?”

சாப்பிடவில்லை. அன்று விரதம். ஆனால் இனிப்புநீர் மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அக்கா உடனே சீனி கலந்த தண்ணீர் கொடுத்தார். கால் மணி நேரத்தில் ஆண்ட்டி தெளிந்து, “என்னால எல்லாருக்கும் தொந்தரவு” என்று மன்னிப்புக் கேட்டார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. தப்பு எங்களுடையது. மன்னிப்புக் கேட்டது அவர்.

யாருக்காக நடத்துகிறோம்?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூன்று பெரியவர்களில் ஏறக்குறைய ஒருவர். உங்கள் வீட்டு ஹாலை ஒருமுறை மனதில் பாருங்கள். அந்த ஒருவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

நாம் போடும் போஸ்டரில் இருப்பது மலை உச்சியில் கை தூக்கி நிற்கும் இளைஞன். அந்தப் படத்தைப் பார்த்தால் நம் அம்மா, அப்பா வருவார்களா? “நீங்க போய்ட்டு வாங்கப்பா” என்றுதான் சொல்வார்கள். ஏற்கனவே நல்லா இருப்பவன் இன்னும் நல்லா இருக்க நிகழ்ச்சி நடத்திவிட்டு, அதற்குச் சமூகச் சேவை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

உடம்பைப் பேணுவது உயிரைப் பேணுவது என்ற கருத்தை திருமூலர் திருமந்திரத்தில் வலியுறுத்துகிறார். உடம்புக்குள்ளேயே இறைவன் இருக்கிறான் என்பது அவர் காட்டும் காரணம். அப்படிப் பார்த்தால், நம் தாமானில் பராமரிப்பு இல்லாமல் இருக்கும் கோயில்கள் எத்தனை?

உடம்பு எப்படிச் சூட்டை வெளியேற்றுகிறது?

நான் மெக்கானிக்கல் படிப்பவன். அதனால் இதைக் கொஞ்சம் என் பாடத்தின் வழியாகவும் பார்த்தேன். காருக்கு ரேடியேட்டர் எப்படியோ, நமக்குத் தோல் அப்படி. நடக்கும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூடு வெளியே போக முக்கிய வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 2.4 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

இங்கே கவனிக்க வேண்டியது, ‘ஆவியானால்’ என்ற சொல். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக வடிந்தால், உடம்பு நீரை இழக்கிறது, ஆனால் குளிர்வதில்லை. அதோடு தலைக்கு மேல் நேர் வெயிலும் சேர்ந்தால் ரேடியேட்டர் வேலை செய்யாத காரை மேட்டில் ஓட்டுவது போலத்தான்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் ‘கோடைக்காலச் செயல்பாடுகள்’ என்று படிக்கிறோம். நமக்குத் தனியாகக் கோடை என்று ஒன்று இல்லை. வருடம் முழுக்க வெயில்தான். ஆகவே மாதத்தைப் பார்ப்பதைவிட மணியைப் பார்ப்பது முக்கியம். ஓர் இடத்தில் தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை அறிவிக்கும். அந்த நாட்களில் வெளி நிகழ்ச்சியைத் தள்ளிப்போடுங்கள்.

பாட்டியின் கணக்கு

அன்று இரவு நடந்ததை என் பாட்டியிடம் சொன்னேன். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “வெயில் ஏறினப்புறம் எவன்டா தம்பி மரம் வெட்டுவான்?”

யோசித்துப் பாருங்கள். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், விடியும் நேரத்தில் நிரையில் இருப்பார்கள். அதிகாலையில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், அதனால் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய், அழுத்தம் குறைந்து, பால் குறையும். மரத்துக்காக வைத்த நேரம்தான், ஆனால் அது மனித உடம்புக்கும் நல்ல நேரமாக இருந்தது. காலையில் ஈரப்பதம் அதிகம் என்பது உண்மை. ஆனாலும் காற்று குளிர்ச்சி, நேர் வெயில் கிடையாது. அதனால் வியர்வையை மட்டும் நம்பாமல் உடம்பு காற்றுக்கே சூட்டைக் கொடுத்துவிட முடியும்.

தோட்ட வாழ்க்கை சுகமான வாழ்க்கை என்று நான் சொல்லவில்லை. பாட்டியின் முழங்காலைப் பார்த்தாலே தெரியும். ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தபோது, லயத்தோடும் வறுமையோடும் சேர்த்து நடையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். சாப்பாட்டில் மட்டும் அதே அளவு சோறு, அதே இனிப்புத் தேநீர்.

மறுபடியும் ஆரம்பித்தோம்

இந்தமுறை மைக் இல்லை, கூடாரம் இல்லை, போட்டி இல்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு நடை, எட்டரைக்குள் முடிவு. நாங்கள் கற்றுக்கொண்டதைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

ஒன்று, இடம். முதல் சில வாரம் சமதளம் மட்டும். கிந்தா ஆற்றோரம் இருக்கும் சுல்தான் அப்துல் அஜிஸ் பூங்கா, அதாவது நம்மவர்கள் போலோ கிரவுண்ட் என்று சொல்வது, அதற்கு நல்ல இடம். டி.ஆர். சீனிவாசகம் பூங்காவும் சரி. குனோங் லாங் போன்ற இடங்களுக்குப் போனால் சுண்ணாம்புப் பாறையின் செங்குத்தான அடிவாரத்தில் கூட்டத்தை உட்கார வைக்காதீர்கள். 1973இல் குனோங் செரோவில் பாறை சரிந்து சுமார் 40 பேர் இறந்த ஊர் இது.

இரண்டு, சாப்பாடு. புறப்படும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாக, மெதுவான குரலில் கேளுங்கள்: சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, இன்று விரதமா? விரதம் இருப்பவர் மாத்திரையை எப்படிப் போடவேண்டும் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும். அன்று நடக்காமல் நம்மோடு உட்கார்ந்திருந்தாலும் போதும்.

மூன்று, சீனி. பையில் எப்போதும் சீனி அல்லது இனிப்புப் பானம் இருக்கட்டும். இனிப்புநீர் உள்ளவருக்கு நடுக்கம், குழப்பம், குளிர் வியர்வை வந்தால், விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் பாருங்கள். தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 999ஐ அழையுங்கள்.

நான்கு, பாதம். இனிப்புநீர் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். கல் குத்தினாலும் தெரியாது. அவர்களுக்கு மூடிய சப்பாத்தும் காலுறையும் கட்டாயம். வீட்டுக்குப் போனதும் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குனிய முடியாதவருக்கு அவர் பிள்ளை பார்க்கட்டும். பாதபூஜை தெரிந்த நமக்கு இது பெரிய விஷயமா?

ஐந்து, வேகம். ஆக மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போகவேண்டும். இது ஒன்றுதான் எல்லாவற்றையும் மாற்றியது. இளைஞர்கள் முன்னால் போனால், பின்னால் வருபவர் மூச்சு வாங்கிக்கொண்டே வெட்கப்படுவார், அடுத்த வாரம் வரமாட்டார். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு வாரத்துக்கு 150 நிமிடம். ஞாயிறு நடை ஒன்று மட்டும் போதாது, மற்ற நாட்களில் வீட்டுப் பக்கத்திலேயே அரை மணி நேரம் நடக்க அது ஒரு தொடக்கம்.

மலை எங்கும் போகாது

முதல் வாரம் வந்தவர்கள் ஏழு பேர். அதில் நாலு பேர் எங்கள் குழுவினரே. நான்காவது வாரம் அந்த ஆண்ட்டி வந்தார். கையில் ஒரு சின்ன போத்தல், அதில் சீனித் தண்ணீர். “இந்தவாட்டி நானே கொண்டாந்துட்டேன் தம்பி” என்றார். அவரைத்தான் முன்னால் நடக்கச் சொன்னோம்.

சில மாதம் கழித்து, “கிளேடாங் மலைக்கு எப்பப் போறோம்?” என்று கேட்டவரும் அவரே. மெங்லெம்புப் பக்கம் இருக்கும் அந்த மலை ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பதால், உச்சியில் ஐந்து டிகிரி அளவு குளிர்ச்சி இருக்கும். தார்ச் சாலை இருப்பதால் காட்டுப் பாதை வேண்டாம் என்பவர்களும் ஏறலாம். நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. ஆண்ட்டி போதும் என்ற இடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம், அவித்த கடலையைச் சாப்பிட்டோம், இறங்கினோம்.

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்கு ரதத்தின் பின்னால் நடக்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அன்று யாரும் முதலில் வரவேண்டும் என்று நடப்பதில்லை. ரதத்தின் வேகம்தான் எல்லோரின் வேகமும். அந்த ஒரு நாள் நடையை மற்ற வாரங்களுக்கும் கொண்டுபோவதுதான் நம் வேலை.

இந்த வாரப் பயிற்சி

1. உங்கள் வீட்டில் யாருக்கு இனிப்புநீர், யாருக்கு ரத்த அழுத்தம், என்ன மாத்திரை என்று கேட்டு எழுதி வையுங்கள்.

2. உங்கள் குழு கடைசியாக நடத்திய வெளி நிகழ்ச்சிக்கு 50 வயதுக்கு மேற்பட்டவர் எத்தனை பேர் வந்தார்கள்? வராதவர்களில் ஒருவரிடம் போய் ஏன் என்று கேளுங்கள். பதிலுக்கு வாதம் செய்யாதீர்கள்.

3. வரும் ஞாயிறு வெயில் ஏறும் முன், அவரையே முன்னால் விட்டு, அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.